பத்து நிமிடம் முந்தி ஓடிய வீடு

எங்கள் வீட்டில் எல்லாக் கடிகாரங்களும் பத்து நிமிடம் முந்தி ஓடும். கூடத்துச் சுவரில் இருப்பது, கட்டில் பக்கத்து அலாரம், கணவரின் கைக்கடிகாரம், எல்லாமே. ஏற்பாடு அவருடையது. தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரம்தான். பதினெட்டு வருடத்தில் ஒரு நாள்கூட வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே தாமதத்துக்கான சிவப்பு மை விழுந்ததில்லை. "பஸ்ஸும் ஆபீசரும் நமக்காக நிக்க மாட்டாங்க" என்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு மணி பார்க்கும்போதே மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அவரும் கழித்துக்கொள்கிறவர்தான். இரண்டு பேரும் கழிப்பதென்றால் கூட்டி வைத்து என்ன பயன் என்று கேட்டால் முறைப்பார்.

நான் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறேன். அங்கே பதினோரு வருடமாக என் வேலை ஒரே வேலை. மற்றவர்கள் எழுதும் நிரலையெல்லாம் சேர்த்து ஓடக்கூடிய ஒரு முழுப் பொருளாக ஆக்குவதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஆபீசில் அதற்குப் பெயர் பில்ட். அந்தக் கருவியை ஓட விடுவேன், முடிந்ததா என்று பார்ப்பேன், முடியாவிட்டால் எழுதியவருக்குத் தகவல் சொல்வேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நானும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. தேர் ஓடினால் போதும், அச்சை யார் பார்க்கிறார்கள்?

சென்ற ஆண்டு ஒரு கூட்டத்தில் வாயைத் திறந்தேன். பில்ட் சில நாள் இருபது நிமிடம் எடுக்கிறது, சில நாள் இரண்டே நிமிடத்தில் முடிகிறது, ஏன் என்று கேட்டேன். எங்கள் குழுத் தலைவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர். கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் வேகம். "அக்கா, அது பெரிய கதை. நீங்க பட்டனை மட்டும் அமுக்குங்க, மத்ததை நாங்க பாத்துக்கிறோம்" என்றார். மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். கம்பெனி வேனில் வீடு திரும்பும் வழியெல்லாம் காது சுட்டது. அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சேதி வந்தது. பட்டன் அமுக்கும் வேலையும் இனித் தானாகவே நடக்குமாம். அந்த வேலையில் இருந்த மூன்று பேரும் வாடிக்கையாளர் தொலைபேசி பிரிவுக்கு மாற வேண்டும், அதாவது இரவுப் பணி. கருவிகளைக் கவனிக்கும் குழுவில் ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது. வேண்டுமென்பவர்கள் ஆறு வாரத்தில் ஏதாவது செய்துகாட்டலாம் என்றார் தலைவர். மற்ற இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். நான் கை தூக்கினேன். நாற்பத்தொரு வயதில், ஹலோ சொல்வதற்காக ராத்திரியெல்லாம் விழித்திருக்க என்னால் ஆகாது.

என்ன செய்து காட்டுவது? பில்ட் செய்வதற்கென்று மேக் என்ற பழைய கருவி ஒன்று உண்டு. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருப்பது. சி மொழியில் எழுதியது. எங்கள் கம்பெனி இன்றும் ஓட்டுவது அதைத்தான். அதையே நான் ரஸ்ட் என்ற வேறொரு மொழியில் முதலிலிருந்து எழுதுவது என்று முடிவு செய்தேன். யாருக்கும் அது தேவையில்லை, பழையதே நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் பதினோரு வருடமாக வெளியே நின்று பார்த்த ஒன்றுக்குள் போக எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"இருக்கிறதையே மறுபடி செய்யுறதுக்கு எதுக்கும்மா இம்புட்டுப் பாடு?" என்றார் கணவர்.

"எப்படிச் செஞ்சாங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"தெரிஞ்சு?"

"தெரிஞ்சா, பட்டனை மட்டும் அமுக்குன்னு ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல."

மறுநாள் அவர் தன் பழைய மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வீட்டுக் கணினியை அதில் வைத்துத் துடைத்துக் கொடுத்தார்.

தினமும் காலை ஐந்து மணிக்கு உட்காருவேன். ஆறரைக்கு எழுந்தால்தான் சமையல் முடித்து எட்டே காலுக்குத் தெரு முக்கில் நிற்கும் கம்பெனி வேனைப் பிடிக்க முடியும். அந்த ஒன்றரை மணி நேரத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். பால் பாக்கெட் வந்தாலும் சரி, கீழ்வீட்டு நாய் குரைத்தாலும் சரி.

கருவியின் அடிப்படை எளிதானது. சட்னியில் உப்பு போதவில்லை என்றால் சட்னியைத்தான் சரி செய்வோம், இட்லி மாவை மறுபடி அரைக்க மாட்டோம். மேக்கும் அப்படித்தான். எந்தக் கோப்பு எதை நம்பி இருக்கிறது என்று ஒரு பட்டியலில் எழுதிக் கொடுத்துவிட்டால், மாறியதை மட்டும் மறுபடி செய்யும், மாறாததைத் தொடாது. இருபது நிமிடத்துக்கும் இரண்டு நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். அன்று கூட்டத்தில் இந்த நாலு வரியைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். இது பெரிய கதையாம்!

கேட்க எளிது, எழுதத்தான் முதுகு ஒடிந்தது. ரஸ்ட் கண்டிப்பான மொழி. ஒரு பொருளை ஓரிடத்தில் கொடுத்துவிட்டால் திருப்பி வாங்காமல் அதைத் தொடக்கூடாது என்பது அதன் சட்டம். நான் கொடுத்ததை மறந்துவிட்டுத் தொடுவேன், அது சிவப்பு எழுத்தில் வையும். முதல் வாரம் முழுக்க எனக்கு வசவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, மொழியையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாம் வாரம் பட்டியலைப் படிக்க வைத்தேன். மூன்றாம் வாரம் சோதனைக்காக இது அதை நம்பியிருக்கிறது, அது இதை நம்பியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். என் கருவி இரண்டுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி ஓடி, கணினியின் காற்றாடி அலறத் தொடங்கியது.

"விடியக்காலையில மிக்சி போட்டு என்ன அரைக்கிற?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்தார் கணவர்.

நான்காம் வாரம் சிறிய சோதனைகளில் கருவி சரியாக ஓடியது. அன்று வேனில் யாரிடமும் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே போனேன். நானே செய்தேன் என்ற சந்தோஷம், வேறொன்றுமில்லை.

பழைய கருவி செய்கிற எல்லாவற்றையும் ஆறு வாரத்தில் எழுத முடியாது. அதனால் ஒரு நோட்டில் இரண்டு பட்டியல் போட்டிருந்தேன், வேண்டியது என்று ஒன்று, வேண்டாதது என்று ஒன்று. பழைய நிரலைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை கண்ணில் பட்டது. ஏதாவது ஒரு கோப்பின் நேரம் இப்போதைய நேரத்துக்கு அப்பால், எதிர்காலத்தில் இருந்தால் அதைச் சொல்லி உஷார்படுத்துவதற்கென்றே கொஞ்சம் வரிகள் எழுதியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேண்டாதது பட்டியலில் அதை எழுதி, பக்கத்தில் கிறுக்கினேன்: "எவன் வீட்டுக் கடிகாரம் எதிர்காலத்தில் ஓடும்?"

ஐந்தாம் வாரம் கம்பெனியின் உண்மையான பெரிய நிரல் ஒன்றில் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டுக் கணினிக்கு அவ்வளவு தெம்பு இல்லை. அதனால் வீட்டில் கோப்பைத் திருத்துவேன். திருத்திய நேரத்தோடு சேர்த்து அது ஆபீசில் இருக்கும் சோதனை இயந்திரத்துக்குப் போய்விடும். என் கருவி அங்கே ஓடும், வீட்டுத் திரையில் நான் பார்ப்பேன்.

அப்போதுதான் பிடித்தது சனியன். ஒரு கோப்பைத் திருத்தினேன். கருவி அதை மட்டும் மறுபடி செய்தது, சரி. எதையும் தொடாமல் இன்னொரு தடவை ஓட்டினேன். "செய்ய ஒன்றுமில்லை" என்று அது சொல்ல வேண்டும். சொல்லவில்லை, அதே கோப்பை மறுபடியும் செய்தது. இன்னொரு தடவை ஓட்டினாலும் அப்படியே. எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து ஓட்டினால், ஒரு தடவை செய்துவிட்டு, அடுத்த தடவை நல்ல பிள்ளையாகச் "செய்ய ஒன்றுமில்லை" என்றது.

நான்கு காலை இப்படிப் போனது. ஆபீசில் உட்கார்ந்து திருத்தினால் எந்தத் தொந்தரவும் இல்லை. வீட்டில்தான் இந்தப் பேய். நேரத்தை ஒப்பிடுகிற பகுதியை மூன்று தடவை அழித்து எழுதினேன். காபி குடித்தால் சரியாகிறது என்பதற்காக ஒரு நாள் இரண்டு தடவை காபி குடித்தேன். செய்துகாட்ட வேண்டிய நாளுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இந்தப் பேயோடு போய் நின்றால் அதே சிரிப்பை மறுபடி கேட்க வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. விடுவதாக இல்லை.

ஐந்தாம் நாள் காலை, அனுமானிப்பதை நிறுத்திவிட்டு இரண்டு கோப்பின் நேரத்தையும் திரையில் எழுதச் சொன்னேன். நான் திருத்திய மூலக் கோப்பு ஐந்து ஐம்பத்திரண்டு. அதிலிருந்து உருவான கோப்பு ஐந்து நாற்பத்து மூன்று. மறுபடி படித்தேன். பிள்ளை பிறந்து ஒன்பது நிமிடம் கழித்துத் தாய் பிறந்திருக்கிறாள். உருவானது மூலத்தைவிடப் பழையதாகத் தெரிந்தால், பாவம், கருவி என்ன செய்யும்? மூலம் மாறிவிட்டது என்று நினைத்து மறுபடி செய்யத்தான் செய்யும்.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்தாறு. கைபேசியைப் பார்த்தேன். ஐந்து நாற்பத்தாறு. திரையின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்தாறு.

"என்னங்க, இந்தக் கம்ப்யூட்டர்ல நேரத்தை மாத்துனீங்களா?"

அவர் பல் துலக்கும் நுரை வாயோடு எட்டிப் பார்த்தார். "மேஜையை இழுத்துப் போட்ட அன்னைக்கே கூட்டி வச்சேன். வீட்டுல அது மட்டும் பத்து நிமிஷம் பின்னாடி இருந்துச்சு, ஒழுங்கில்லாம."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். பத்தைக் கழித்துப் படிக்கிற பழக்கம் எனக்கு எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்றால், திரையில் தப்பு நேரம் ஒரு மாதமாகக் கண்முன் நின்றும் அது தப்பு என்று தோன்றவேயில்லை. ஆபீஸ் இயந்திரத்துக்குக் கழிக்கத் தெரியாது. வீட்டிலிருந்து போன கோப்பு அதற்கு எதிர்காலத்திலிருந்து வந்தது. நிஜ நேரம் பத்து நிமிடம் நகர்ந்து அந்தக் கோப்பை எட்டிப் பிடிக்கும்வரை அது குழம்பிக்கொண்டே இருந்தது. நான் காபி குடித்த நேரத்தில் எட்டிப் பிடித்துவிட்டது.

அதே கோப்பை மறுபடி திருத்தி, இந்த முறை பழைய மேக்கை ஓட விட்டேன். முதல் வரியிலேயே சொல்லிவிட்டது, இந்தக் கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, கடிகாரம் சரியில்லை என்று. நான் சிரித்துக்கொண்டே தள்ளிவிட்ட அதே எச்சரிக்கை. அதை எழுதியிருந்தால் நான்கு காலையும் மிச்சமாகியிருக்கும். ரொம்ப வெட்கமாக இருந்தது. பட்டனை மட்டும் அமுக்குங்க என்று என்னைச் சொன்னவர்மேல் கோபப்பட்டேனே, நானும் பழைய கருவியிடம் அதையேதான் சொல்லியிருக்கிறேன். நோட்டை எடுத்து, "எவன் வீட்டுக் கடிகாரம் எதிர்காலத்தில் ஓடும்?" என்று கிறுக்கியதற்குக் கீழே "எங்கள் வீட்டுக் கடிகாரம்" என்று எழுதினேன். பிறகு அந்த எச்சரிக்கையை என் கருவியிலும் எழுதினேன். வேண்டாதது பட்டியலில் இருந்த மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, எதற்காக வைத்திருப்பார்கள் என்று மறுபடி படித்தேன்.

கணவருக்கு நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லியிருப்பேன் போல. அவர் முகம் வாடிப்போனது. கணினியின் நேரத்தை அப்போதே சரி செய்து வைத்தோம்.

செய்துகாட்டும் நாள் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு. நான் நிதானமாகக் கிளம்பினேன். சுவரில் எட்டு பதினைந்து. பத்தைக் கழித்தால் எட்டு ஐந்து, முக்குக்கு ஐந்து நிமிட நடை, வேனுக்கு முன்பே போய்விடலாம். கைப்பையில் நோட்டை வைக்கும்போது கைபேசி கண்ணில் பட்டது. அதிலும் எட்டு பதினைந்து.

"என்னங்க!"

அவர் இன்னும் சட்டைகூடப் போடாமல் தலை சீவிக்கொண்டிருந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீப்பைக் கீழே போட்டார். "உனக்கு இன்னைக்கு முக்கியமான நாளாச்சே, கடிகாரத்தால இனி ஒரு தொந்தரவும் வரக்கூடாதுன்னு நேத்து ராத்திரியே எல்லாத்தையும் சரியான நேரத்துக்கு மாத்திட்டேன். சொல்ல மறந்துட்டேன்." மாற்றியவரே அதை மறந்து பத்தைக் கழித்துக்கொண்டிருந்தார்.

திட்டுவதற்கு நேரமில்லை. முக்குக்கு ஓடினேன், வேன் போய்விட்டிருந்தது. மூச்சு வாங்க நின்றபோது பின்னால் எங்கள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சட்டைப் பொத்தான் இரண்டு போடாமலே கணவர் வந்திருந்தார்.

"ஏறு."

"உங்களுக்கு ஆபீஸ்? திரும்பி வர எம்புட்டு நேரமாகும்?"

"ஏறுன்னா ஏறு. பேசிட்டே நிக்காத."

மாட்டுத்தாவணி பஸ் நிலையம் தாண்டுவதற்குள் பஸ்களுக்கு நடுவில் நாலு இடத்தில் மாட்டிக்கொண்டோம். கம்பெனி வாசலில் இறங்கியபோது ஒன்பது பத்து. கணக்காகப் பத்து நிமிடம் தாமதம். திரும்பிப் பார்த்தேன், அவர் அதற்குள் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அறைக்குள் போனால், எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. தலைவரும் கருவிக் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் திரை முன்னால் குனிந்திருந்தார்கள். நான் முந்தின நாள் அனுப்பியிருந்த ஒரு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு அவர்களே என் கருவியை ஓட்டியிருந்தார்கள். பக்கத்தில் பழையதும் ஓடி முடிந்திருந்தது. இரண்டும் ஒரே விடை. நான் இல்லாமலே அது ஓடியிருக்கிறது.

"வாங்கக்கா. இந்த எதிர்கால எச்சரிக்கையை எதுக்கு வச்சீங்க? புதுசா எழுதுறவங்க இதை மொதல்ல விட்டுருவாங்களே" என்றார் தலைவர்.

"நானும் விட்டேன்" என்றேன். மறைக்கத் தோன்றவில்லை. வீட்டுக் கடிகாரம், நான்கு நாள் பேய், காபி, எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று பேரும் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குச் சுடவில்லை.

"வேற எதெல்லாம் விட்டிருக்கீங்க?" என்று மறுபடி கேட்டார் தலைவர்.

நோட்டைத் திறந்து வேண்டாதது பட்டியலைப் படித்தேன். ஒவ்வொன்றும் பழைய கருவியில் ஏன் இருக்கிறது, அது இல்லாவிட்டால் யாருக்கு எப்போது அடி விழும் என்று சொன்னேன். இரண்டுக்கு மட்டும் காரணம் தெரியவில்லை என்றேன். தலைவர் அந்த இரண்டையும் தன் தாளில் குறித்துக்கொண்டார். "எனக்கும் தெரியலக்கா, சேர்ந்து பாப்போம்" என்றார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "திங்கக்கெழமையிலிருந்து இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. இனி பட்டனை நாங்க அமுக்குறோம்." அன்று கூட்டத்தில் சொன்னதை அவரும் மறக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கணவர் எனக்கு முன்பே வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

"உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"போட்டுட்டாங்க, சிவப்பு மை." பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. வருத்தப்படுகிறாரா என்று பார்த்தேன். "உன்னையக் கொண்டுபோய் விட்டதுக்குத்தானே விழுந்துச்சு. இருந்துட்டுப் போகுது" என்றார்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன்.

"அதை எதுக்கு எடுக்குற? இப்பத்தான் சரியா ஓடுதே."

"கம்ப்யூட்டர்ல சரியா ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு, முள்ளைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி மறுபடி மாட்டினேன்.